கால் கட்டை ஏறிய சுருதி: ஒரு ஃப்ரீ ஜாஸ் நேரடிப் பதிவின் வினைல் மறுவெளியீடு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

1970களின் தொடக்கத்தில், அன்றைய மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு தேவாலயக் கூடத்தில் நான்கு பேர் வாசித்த கச்சேரி இது. டெனர் சாக்ஸஃபோன், டிராம்போன், டபுள் பேஸ், டிரம்ஸ். பியானோ இல்லை. பின்னால் வரும் சிக்கலின் வேரே அதுதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டின் பெயரும் அதில் பங்கேற்றவர்களின் பெயர்களும் உரிமைதாரர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே இல்லை. மறுவெளியீட்டுக் குழுவில் பணிக்குறிப்பேடு எழுதும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. இந்த ஆய்வு அந்தக் குறிப்பேட்டிலிருந்து எழுதப்படுகிறது.

ஃப்ரீ ஜாஸ் அதிகம் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் இரண்டு நால்வர் குழுக்களை ஒரே அறையில் வைத்துப் பதிவு செய்த தொகுப்பிலிருந்து இந்த இசைக்கு அந்தப் பெயர் நிலைத்தது. முன்கூட்டியே வகுத்த ஸ்வர அடுக்குகளையும் தாள வட்டத்தையும் விட்டுவிட்டு, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்தக் கணத்தில் பதில் சொல்வது இதன் அடிப்படை. ஐரோப்பாவில் இது வேரூன்றியபோது பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. இசைஞர்கள் தாங்களே தட்டு அச்சிட்டார்கள். பீட்டர் ப்ரோட்ஸ்மன் 1968 மே மாதம் பிரேமன் நகரில் பதிவுசெய்த ‘மெஷின் கன்’ முதலில் வெறும் 300 பிரதிகளாகத்தான் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஐசிபி 1967இலும், பெர்லினில் எஃப்எம்பி 1969இலும், லண்டனில் இன்கஸ் 1970இலும் சிறு தட்டு வெளியீட்டகங்களாகத் தொடங்கின. மூன்றையும் நடத்தியவர்கள் வாசிப்பவர்களே.

நம் நால்வரின் தட்டும் அந்த வழியில் வந்ததுதான். சில நூறு பிரதிகள், கையால் ஒட்டிய உறை, கச்சேரி முடிந்ததும் வாசலில் விற்பனை. இப்படி வந்த தட்டுகளின் மூல நாடாக்கள் எந்த நிறுவனத்தின் காப்பறையிலும் இருக்காது. யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இங்கே டிரம்ஸ் வாசித்தவர் வீட்டில் ஒரு பெட்டி இருந்தது.

தொடக்கமும் உரிமையும்

இரண்டு பேர் நடத்தும் ஒரு சிறிய வெளியீட்டகம் முன்வந்தது. நால்வரில் டிரம்ஸ் கலைஞரும் டிராம்போன் கலைஞரும் உயிரோடு இருந்தார்கள். சாக்ஸஃபோன் கலைஞரின் மகள் தொடர்பில் இருந்தார். பேஸ் வாசித்தவரின் குடும்பத்தை மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் இயற்றிய நெறிமுறை, வெளியான ஒலிப்பதிவுகளின் பாதுகாப்பை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியது. 1970களின் தட்டுகள் அதனால் இன்னும் உரிமைக்குள்தான் இருக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, வெளியீட்டகம் ஒரு முடிவை முதலிலேயே எடுத்தது: வருவாய் நான்கு சம பங்கு, பேஸ் கலைஞரின் பங்கு அவர் குடும்பம் கிடைக்கும்வரை தனியே வைக்கப்படும். சாக்ஸஃபோன் கலைஞரின் பெயரில்தான் அந்தத் தட்டு அறியப்பட்டிருந்தது. ஆனாலும் நால்வரும் சேர்ந்து அந்தக் கணத்தில் உருவாக்கிய இசை அது. எல்லோருக்கும் சம பங்கு என்பதைத் தவிர வேறு கணக்கு எனக்கும் நியாயமாகப் படவில்லை.

பெட்டிக்குள் இருந்தது

பெட்டியில் ஒரே ஒரு நாடா இருந்தது. வினாடிக்கு 38 செ.மீ. வேகத்தில் பதிவான கால் அங்குல நாடா. அது கச்சேரி இரவின் நாடா இல்லை. அதிலிருந்து தட்டு அச்சிடுவதற்காக எடுத்த நகல். மூலம் அழிக்கப்பட்டு வேறு பதிவுக்குப் பயன்பட்டிருக்கும் என்று டிரம்ஸ் கலைஞர் சொன்னார். நாடா விலை அதிகமாக இருந்த காலம் அது, அப்படி நடப்பது வழக்கம்தான்.

பழைய நாடா என்றதும் அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சிகிச்சை, பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப்போன சில வகை நாடாக்களுக்கு மட்டுமே. 1970களின் நடுவிலிருந்து வந்த சில அமெரிக்க நாடாக்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. நம் நாடாவில் அந்த அறிகுறி எதுவும் இல்லை. எனவே சூடாக்கவில்லை. நாடாவின் முன்னும் பின்னும் வெற்று நாடாவை இணைத்திருந்த ஒட்டுகள்தான் காய்ந்து உதிர்ந்தன. அவற்றைப் புதிதாக ஒட்டினோம். பிறகு நாடாவை முழுவதுமாகச் சில தடவை முன்னும் பின்னும் சுற்றினோம். ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் படிந்து, பலத்த ஒலிக்கு முன்னால் அதன் மங்கலான நிழல் கேட்கும். பல ஆண்டு அசையாமல் இருந்த நாடாவில் இது கூடுதலாக இருக்கும். சுற்றி எடுத்தால் சற்றுக் குறையும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒலிக்கூடம் இதே நாடாவை டிஜிட்டலாக மாற்றித் தந்திருந்தது. அந்தக் கோப்பில் பேஸ் மெலிந்து, சிம்பல் காதைக் கீறியது. நாடாவில் பதியும்போது அடி, மேல் ஒலிகளின் அளவை மாற்றி வைத்து, வாசிக்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்வார்கள். ஐரோப்பிய ஸ்டூடியோக்களின் ஐஇசி என்ற சமன்படுத்தல் முறையில் பதிவான நாடாவை அமெரிக்க என்ஏபி முறையில் வாசித்தால் இப்படித்தான் கேட்கும்: அடிச்சுருதி குறையும், மேல்சுருதி தூக்கலாக இருக்கும். ஐஇசியில் மீண்டும் வாசித்தபோது பேஸின் மரம் திரும்பி வந்தது.

கவனித்தது: இரண்டு ரீங்காரங்கள்

முதல் பக்கத்தின் நடுவில் மூவர் நிறுத்திவிட்டு டிராம்போன் மட்டும் மிக மெல்லிதாக மூச்சு விடும் இடம் ஒன்று உண்டு. அங்கே அடியில் ஏதோ மெதுவாகத் துடித்தது, வினாடிக்கு ஒன்றரை முறை. பழைய தட்டிலும் அது உண்டு. கூடத்தின் வெப்பக் கருவி என்று சேகரிப்பாளர்கள் நம்பிவந்தார்கள்.

அலைவரிசை வரைபடத்தில் பார்த்தபோது அங்கே இரண்டு ரீங்காரங்கள் இருந்தன: ஒன்று 50 ஹெர்ட்ஸ், மற்றொன்று 51.5. மின்சாரம் ஒலிக்கருவிகளுக்குள் கசிவதால் பதிவில் விழும் ரீங்காரம் இது. ஐரோப்பிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒன்றோடொன்று பின்னிய மேற்கு ஐரோப்பிய மின்கட்டத்தில் அது ஒன்றரை ஹெர்ட்ஸ் ஏறுவது நடவாத காரியம். எனவே 51.5இல் இருப்பது கச்சேரி இரவில் கருவிக்குள் நுழைந்த ரீங்காரம், பிறகு வேகமாக்கப்பட்டது. 50இல் இருப்பது நகலெடுக்கும்போது சேர்ந்தது. அதாவது, நகல் எடுத்த நாளில் மூல நாடாவை ஓட்டிய இயந்திரம் 3 விழுக்காடு வேகமாக ஓடியிருக்கிறது. இரண்டும் மோதுவதுதான் அந்தத் துடிப்பு.

3 விழுக்காடு என்றால் ஏறக்குறைய அரை செமிடோன், அதாவது அரை ஸ்வரத்தில் பாதி. நம் ஊர்ப் பேச்சில் கால் கட்டை. ஐம்பது ஆண்டுகளாக உலகம் கேட்டுவந்த அந்தத் தட்டு கால் கட்டை மேலே, சற்று விரைவாக ஒலித்திருக்கிறது. பியானோ இருந்திருந்தால் யாராவது அன்றே பிடித்திருப்பார்கள். ஸ்வரங்களுக்கு நடுவில் வளைந்து செல்வதே இயல்பாக உள்ள இசையில், சுருதிக்கு ஆதாரமாக நிற்கும் கருவி எதுவும் இல்லாமல், இது காதில் படவே படாது.

ரீங்காரத்தை மட்டும் நம்பி ஒரு பதிவை மாற்றக் கூடாது என்று ஒலிப்பொறியாளர் பிடிவாதமாக இருந்தார். அது சரியான பிடிவாதம். இரண்டாவது சான்றாக டெனர் சாக்ஸஃபோனின் அடி ஸ்வரத்தை எடுத்துக்கொண்டோம். எல்லாத் துளைகளையும் மூடி ஊதினால் வரும் அந்த ஒலி சுமார் 104 ஹெர்ட்ஸ். தட்டில் அவர் அதை அடித்தொண்டையிலிருந்து முழங்கும் இடங்களில் 107க்குச் சற்றுக் கீழே கிடைத்தது. ஜெர்மன் குழுக்கள் ஆதார ஸ்வரமான ‘ஏ’வை 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 443இல் சுருதி சேர்ப்பதுண்டு. ஆனால் அந்த வேறுபாடு இதில் கால் பங்குகூட வராது.

மூன்றாவது சான்று டிரம்ஸ் கலைஞரிடமிருந்து வந்தது. அன்று அடித்த சிம்பலை அவர் விற்கவில்லை. சிம்பலின் ஒலி ஒரே ஸ்வரம் அல்ல. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல அதிர்வுகளின் கூட்டம், ஒவ்வொரு தட்டுக்கும் அது தனி அடையாளம். அவர் வீட்டிலேயே அதை மெதுவாக அடித்துப் பதிவு செய்து, நாடாவில் அது தனியாகக் கேட்கும் இடத்தோடு ஒப்பிட்டோம். உச்சங்கள் அனைத்தும் வரிசை மாறாமல் இருந்தன, நாடாவில் ஒவ்வொன்றும் 3 விழுக்காடு மேலே. அதற்குமேல் சந்தேகப்பட இடமில்லை.

ரீங்காரம் இன்னொன்றையும் காட்டியது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் மேலே இருந்த ரீங்காரத்தின் அலை திடீரென்று முறிந்து வேறு இடத்திலிருந்து தொடர்ந்தது. மூல நாடா அங்கே வெட்டப்பட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. காதுக்குத் தெரியாத, கைதேர்ந்த வெட்டு. அந்த இடத்தில் பேஸ் தனி ஒன்று இருந்ததாக டிரம்ஸ் கலைஞருக்கு நினைவிருந்தது. தட்டின் பக்கத்தில் இடம் போதாமல் எடுத்திருக்க வேண்டும். எடுத்த துண்டு எங்கும் இல்லை.

முடிவு: எது மூலம்?

இங்கேதான் திட்டம் நின்றது. டிரம்ஸ் கலைஞர் திருத்திய வடிவத்தைக் கேட்டதும், இதுதான் என் சிம்பல் என்றார். அவருக்கு விவாதம் அத்தோடு முடிந்தது. டிராம்போன் கலைஞர் ஒப்பவில்லை. அன்றைய இரவு அந்தக் கூடத்திலேயே முடிந்துவிட்டது, வெளியானது இந்தத் தட்டு. இளைஞர்கள் அதைக் கேட்டு வாசிக்கக் கற்றார்கள், அதன் அவசரமும் அதன் ஒரு பகுதி என்பது அவர் வாதம். சாக்ஸஃபோன் கலைஞரின் மகள் தந்தையின் குரலைப் போலவே அவர் ஊதும் ஒலியையும் அறிந்தவர். திருத்திய வடிவத்தில் அது கொஞ்சம் தடித்து, வீட்டில் கேட்டது போல் இருப்பதாகச் சொன்னார்.

டிராம்போன் கலைஞரின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் வேகம் ஏறியது யாருடைய கலை முடிவும் அல்ல, இயந்திரத்தின் கோளாறு. இசைஞர்களே வேண்டுமென்று வேகமாக்கியிருந்தால் அதைத் தொட எவருக்கும் உரிமை கிடையாது. பேஸ் தனியை வெட்டியது அப்படிப்பட்ட முடிவு. இடத்துக்காக எடுத்ததானாலும் அவர்கள் அறிந்து செய்தது. ஆகவே வெட்டு அப்படியே இருக்கும், வேகம் திருத்தப்படும் என்று வெளியீட்டகம் பிரித்துப் பார்த்தது. ஜாஸ் வரலாற்றில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ தட்டின் முதல் பக்கம், பதிவு இயந்திரம் மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் வாசிக்கும்போது 1959 முதல் சற்று மேல் சுருதியில் ஒலித்துவந்தது. 1990களில்தான் அது மாற்று நாடாவைக் கொண்டு சரிசெய்யப்பட்டது.

மறுபக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஜான் கோல்ட்ரேனின் ‘அசென்ஷன்’ 1966இல் வெளியான சிறிது காலத்தில், அவர் விரும்பிய மற்றொரு வாசிப்பு அதே உறைக்குள், அதே எண்ணில் வைக்கப்பட்டது. தட்டின் உள்வளையத்தில் பொறித்த எழுத்தைப் பார்த்தால்தான் எது கையில் இருக்கிறது என்று தெரியும். மாற்றியது தவறில்லை, சொல்லாமல் மாற்றியதுதான் கேட்பவர்களைக் குழப்பியது.

எனவே மூன்று ஏற்பாடுகள். தட்டில் திருத்திய வேகம். பதிவிறக்கச் சீட்டின் வழியே, வெளியானபடியே உள்ள பழைய வேகத்தின் முழு வடிவமும். உறைக் குறிப்பில் வேகம், வெட்டு, நாடாவின் நிலை எல்லாம் ஒளிவின்றி. டிராம்போன் கலைஞர் தம் எதிர்ப்பைத் தாமே எழுதித் தந்தார். அதையும் குறிப்போடு அச்சிட்டோம். எனக்கு இந்தத் தட்டின் உறையில் மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

திருத்தத்தில் ஒரு நுணுக்கம். மேல் ரீங்காரம் தொடக்கத்தில் 51.5ஆகவும் இறுதியில் 51.4ஆகவும் இருந்தது. சுருளின் இழுவிசை மாறுவதால் இது நேர்வது. மென்பொருள் கொண்டு அந்த வளைவை நொடிக்கு நொடி பின்தொடர முடியும். செய்யவில்லை. முழுவதற்கும் ஒரே எண்ணால் வேகத்தைக் குறைத்தோம். சுருதியும் காலமும் சேர்ந்தே இறங்கின. மூன்று சென்ட் (ஒரு செமிடோனில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) வேறுபாட்டுக்காக வாசிப்புக்குள் நம் கை நுழைய வேண்டாம் என்பது காரணம்.

தட்டில் வெட்டுதல்

வேகத்தைக் குறைத்தால் நேரம் கூடும். 21 நிமிடம் 40 நொடி இருந்த முதல் பக்கம் 22:19 ஆனது. 20:50 இருந்த இரண்டாம் பக்கம் 21:27. கேட்பதற்குச் சிறிய எண். அச்சுக்கான தட்டில் ஒலிப்பள்ளத்தை வெட்டுபவருக்கு அது சிறியதல்ல. நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் வினாடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்வளையத்துக்கு அருகே வெறும் 21 செ.மீ. ஒரே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் எழுத வேண்டும். பெரும்பாலான தட்டுகளில் மெல்லிய பாட்டைக் கடைசியில் வைத்துத் தப்பிப்பார்கள். இந்த இசையோ இரண்டு பக்கமும் உச்சத்தில், சாக்ஸஃபோன் அலற, சிம்பல் கொதிக்க முடிகிறது. இருப்பதிலேயே மோசமான இடத்தில் இருப்பதிலேயே கடினமான ஒலி.

ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கி உரப்பாக வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. மறுத்தோம். மூச்சு விடும் டிராம்போனுக்கும் நால்வரும் ஒன்றாக வெடிப்பதற்கும் இடையே உள்ள தூரம்தான் இந்தக் கச்சேரி. அதை அமுக்கினால் மிஞ்சுவது வெறும் இரைச்சல். அதற்குப் பதில் மொத்த அளவையும் 2.5 டெசிபெல் குறைத்து வெட்டச் சொன்னோம். வீட்டில் கேட்பவர் ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். முழு வட்டத்தையும் பயன்படுத்தினோம். எடை 140 கிராம். 180 கிராம் தட்டு கையில் கனமாக இருக்கும், பள்ளத்தின் தரம் அதனால் கூடுவதில்லை.

வெட்டியது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் டிஜிட்டல் கோப்பிலிருந்து. நாடாவிலிருந்து நேரடியாக வெட்ட வேண்டுமானால், அடுத்து வரும் ஒலியின் அளவை முன்கூட்டியே படித்துப் பள்ளங்களின் இடைவெளியை அமைக்க, கூடுதல் தலை பொருத்திய தனி இயந்திரம் வேண்டும். நாடாவும் பல தடவை ஓட வேண்டியிருக்கும். மாற்றே இல்லாத ஒரு நாடாவை அதற்கு உட்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை. முழுக்க அனலாக் என்ற சொல்லுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பது வெளியீட்டகத்துக்குத் தெரியும். இருந்தும் டிஜிட்டல் படி உண்டு என்று உறையில் எழுதினார்கள்.

காலதாமதத்துக்குக் காரணம் வேறு இடத்தில் இருந்தது. 2020 பிப்ரவரி 6 அன்று கலிஃபோர்னியாவின் பேனிங் ஊரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. வெட்டுவதற்கான லேக்கர் தட்டுகளைச் செய்யும் பெரிய ஆலைகளில் ஜப்பானின் எம்டிசி மட்டுமே மிஞ்சியது. அதன்பின் அச்சுக்கூடங்களில் வரிசை நீண்டது. நம் தட்டும் அந்த வரிசையில் நின்றது.

சோதனைப் பிரதி

முதல் சோதனைப் பிரதி நிராகரிக்கப்பட்டது. இரண்டாம் பக்கத்தின் துளை மையம் விலகி இருந்தது, சுமார் அரை மில்லிமீட்டர். உள்வளையத்தில் இது ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதியை ஏறக்குறைய 14 சென்ட் மேலும் கீழும் ஆட்டும். டிராம்போன் நீளமாக இழுக்கும் ஸ்வரம் 1.8 நொடிக்கு ஒருமுறை அசைந்தது. சாதாரணமாக இதைச் சிலர் விட்டுவிடுவார்கள். சுருதியைத் திருத்துவதற்காகவே இவ்வளவும் செய்த பிறகு விட முடியுமா? அச்சுக்கூடம் முதலில் அது வழக்கமான அளவுக்குள் இருப்பதாகச் சொன்னது. ஒலிக்கோப்பையும் அளவையும் அனுப்பியதும் அச்சை மாற்றி மையப்படுத்தினார்கள். இரண்டாவது சோதனைப் பிரதியை விலை குறைந்த இயந்திரத்திலும் ஓட்டினோம். கடைசி இரண்டு நிமிடத்தில் சிறு கரகரப்பு இருந்தது, ஏற்றுக்கொண்டோம்.

வெளியான பின்

500 பிரதிகள் அச்சிடப்பட்டன. பழைய தட்டை வைத்திருந்தவர்களில் சிலர், உயிர் போய்விட்டது, மந்தமாகிவிட்டது என்று எழுதினார்கள். அவர்களில் பலர் உறைக்குள் இருந்த குறிப்பைப் படிக்கவில்லை என்பது கேள்விகளிலிருந்தே தெரிந்தது. பதிவிறக்கச் சீட்டைக் காட்டியதும் பெரும்பாலோர் சமாதானம் அடைந்தார்கள். இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்ட ஓர் இளம் டிரம்ஸ் கலைஞர், முன்பு தன்னால் பின்தொடர முடியாத ஒரு கை அசைவு இப்போது புரிவதாக எழுதினார். டிராம்போன் கலைஞர் கடைசிவரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கையெழுத்திட்ட பிரதிகளில் பழைய வேகத்தையே கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

எதிர்பாராத பலன் ஒன்று உண்டு. பேஸ் தனி வெட்டப்பட்ட செய்தியைக் குறிப்பில் படித்த ஒருவர், அந்தக் கலைஞரின் உறவினர் ஒருவரை அறிந்திருந்தார். அவர் மூலம் குடும்பம் கிடைத்தது, ஒதுக்கி வைத்த பங்கு போய்ச் சேர்ந்தது. வெட்டிய துண்டு அவர்களிடமும் இல்லை.

அடுத்த முறை மாற வேண்டியவை

வேகத் திருத்தம் பற்றிய செய்தி உறைக்குள் இருந்தால் போதாது. பின்னட்டையில், வாங்கும் முன்பே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். இரண்டாம் அச்சில் அப்படியே செய்யப்பட்டது. உள்வளையத்திலும் அச்சு எண்ணோடு திருத்திய வேகம் என்ற குறிப்பு பொறிக்கப்பட்டது, உறையில்லாமல் கைமாறும் தட்டுக்கும் அது துணை நிற்கும்.

இசைஞர்களை வேக விவாதத்துக்குள் அழைக்கும் நேரமும் மாற வேண்டும். இங்கே திருத்திய வடிவம் தயாரான பின்தான் இருவரும் கேட்டார்கள். அளவீடு கையில் வந்ததுமே, எந்த வடிவமும் முடிவாகத் தோன்றாத நிலையில், இரண்டையும் பெயரிடாமல் அவர்களிடம் கொடுத்திருக்கலாம். டிராம்போன் கலைஞரின் மனத்தாங்கலில் பாதி, முடிவு தம்மைக் கடந்து போய்விட்டது என்பதில் இருந்தது.

நாடாவின் பாதுகாப்பு நகல் ஒன்று, எந்தத் திருத்தமும் இல்லாமல், இரண்டு ரீங்காரங்களோடும் காய்ந்த ஒட்டுகளின் புகைப்படங்களோடும், ஒரு பொது ஒலிக்காப்பகத்தில் வைக்கப்படுவதற்கான ஒப்பந்தம் தனியாகப் பின்னால் போடப்பட்டது. அடுத்த திட்டத்தில் அது முதல் ஒப்பந்தத்திலேயே இடம்பெறும்.